குருசடியில் இரண்டு மெழுகுதிரி

போலந்திலிருந்து வந்த எழுத்தாளருக்கு ஊர் காட்டும்படி எங்கள் கப்பல் கந்தோரின் பெரியவர் என்னிடம் சொன்னபோது, கோணேசர் கோயிலையும் கோட்டைக்குள் மேயும் மான்களையும் காட்டிவிட்டால் அலுவல் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்மணி முதலில் கேட்டது தபால் கந்தோரை. தபால் கந்தோரில் கேட்டது டெலிபோன் புத்தகத்தை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே தடவினார். மூடினார். பிறகு முத்திரை வாங்கினார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவை என்றார், கடையில் உப்புக் கேட்கிற குரலில்.

நல்ல கூத்து என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஐம்பது வயது தாண்டிய வெள்ளைக்காரி, திருகோணமலையில் வந்து தகப்பனைத் தேடுகிறா. வேறு காலமென்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பேன். அந்தக் காலத்தில் எனக்குச் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தேன். பல்லைத் தட்டினால் சத்தம் கேட்கும், நோகாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற காலம். என் கணவர் துறைமுகத்தில், தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய வத்தைகளைக் கப்பலடிக்கு இழுத்துப் போகும் படகில் வேலை செய்தார். அந்த வருடத் தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளிகள் இருவரோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார். மூதூர்ப் பக்கத்துக் கரையில் வள்ளம் கவிழ்ந்து ஒதுங்கியது. கிண்ணியா ஆட்கள், பாவங்கள், தங்கள் தொழிலை விட்டுவிட்டுத் தேடினார்கள். கூட்டாளிகள் இருவரையும் பிரேதமாகக் கொண்டுவந்தார்கள். இவரை மட்டும் காணவில்லை.

காணவில்லை என்றால் காணவில்லை. செத்துப்போனார் என்று யாரும் எனக்குக் காட்டவில்லையே. நான் கறுப்புச் சீலை உடுக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. இரவில் வாசல் படலையைக் கொளுவுவதில்லை. சொந்தக்காரி ஒருத்தி வந்து தலையைத் தடவி, "எவ்வளவு நாளைக்குப் பிள்ளை இப்பிடி?" என்று கேட்டாள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றேன். குடித்தாள், போனாள்.

எனக்கும் மாமிக்கும் இடையில் இருந்த பிரச்சினை வேறு. மாமி என்றால் அவருடைய தாய். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். கார்த்திகை மாதத்தில் ஆத்துமாக்களின் திருநாளன்று செத்தவர்களின் பேர்களைப் பங்குச் சுவாமியார் பூசையில் வாசிப்பார். கலியாணம் கட்டியவனின் பேரைப் பெண்சாதிதான் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் பங்கில் வழக்கம். பேர் கொடுக்காத வரைக்கும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவும் கூடாது. உயிரோடு இருப்பவனை அழுது சாகடித்ததாகிவிடும் என்பார்கள். மாமி இதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் நம்புகிறவர்.

"என்ர பிள்ளை இருட்டுக்குள்ள நிக்கிறான். பேரைக் குடு, பிள்ளை," என்பார்.

"ஏலாது, மாமி."

"ஒரு பூசை. அவ்வளவுதானே கேக்கிறன்."

"ஏலாது எண்டால் ஏலாது."

அதற்குமேல் மாமி கதைக்கமாட்டார். குசினிக்குள் போய் அடுப்பை ஊதுவார்.

போலந்துக்காரி வந்த நேரம் மழை தொடங்கியிருந்தது. மழைக்குள் தேயிலை ஏற்ற ஏலாது, பெட்டி நனைந்தால் போச்சு. அவர் பயணம் செய்த சரக்குக் கப்பல் குடாவுக்குள் சும்மா கிடந்தது. ஆகவே அவர் தினமும் கரைக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் இரவல் பாஷை. அதில் ஒரு வசதி, பூசி மெழுகிக் கதைக்க இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். சீனி இல்லை. பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி கொடுத்தோம். கடித்துக் கடித்துக் குடித்தார். சும்மா சொல்லக்கூடாது, கொடுத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற மனிசி. மாமி கதிரையை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கினார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

போலந்துக்காரியின் அப்பா ஒரு சின்ன ஊரில் ரயில் நிலைய அதிபர். யுத்தம் வந்தபோது ஒரு காலையில் பட்டாளத்தார் வந்து, குளிர் உடுப்பு எடுத்துக்கொண்டு வா என்று கூட்டிப்போனார்கள். அதோடு சரி. அந்த ஊரே இப்போது வேறு நாட்டுக்குள் இருக்கிறதாம். யுத்தம் முடிந்தபின் அவர்களுடைய ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறிப்போனார்கள். யாரோ ஒருவன் அப்பாவை ஏதோ ஒரு துறைமுகத்தில் கண்டதாகச் சொல்லியிருக்கிறான். எந்தத் துறைமுகம் என்று அவனுக்கு நினைவில்லை. மகள் முதலில் ரயில் தொழிலாளரின் பத்திரிகை ஒன்றில் செய்தி எழுதினார். பிறகு கேட்டு வாங்கிக் கப்பல்காரரின் பத்திரிகைக்கு மாறினார். கப்பலைப் புகழ்ந்து எழுதினால் வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக் கிடைக்கும்.

"எங்கள் நாட்டில் எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆகவே நான் பழங்களைப் பற்றி எழுதுகிறேன்," என்றார். "எனக்கு ஊர் சுற்றும் ஆசை என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். எனக்குக் கப்பலில் ஏறினால் வாந்தி வரும்."

பிறகொரு காலம் அவருடைய புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. ஒரு சொல் விளங்கவில்லை. படங்களில் அன்னாசிப்பழம், மான்கள், குசினி வாசலில் மாமி. உள்ளே என்ன எழுதியிருந்தாரோ, யாருக்குத் தெரியும்.

அன்று மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "தேப்பனுக்குப் பூசை ஒப்புக்குடுத்தனீங்களோ? மெழுகுதிரியாவது கொளுத்தினனீங்களோ?"

மொழிபெயர்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அம்மா விடவில்லை. செத்தவர்களுக்குத்தான் மெழுகுதிரி என்பார். பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவருக்கும் ஒரு பீங்கான் தட்டு வைப்பார். அம்மா செத்த பிறகு நான் வைக்கிறேன். நம்பிக்கை இல்லை. கை பழகிவிட்டது."

"தாய் விடேல்லையாம்," என்று மாமிக்குச் சொன்னேன். மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, "இவனைக் கடல் எடுத்திட்டுது. இவள் விளக்குக் காட்ட விடுறாள் இல்லை," என்றார். முதல் பாதியை மொழிபெயர்த்தேன். மற்றப் பாதி வீட்டு விஷயம், ஊரார் காதில் போடுகிற விஷயமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆத்துமாக்களின் திருநாளன்று போலந்துக்காரி எங்கள் சேமக்காலையைப் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிப்போனேன். எனக்கு அது கந்தோர் வேலை, அவ்வளவுதான். மாமி பக்கத்து வீட்டுப் பெண்களோடு பின்னால் மெதுவாக வந்தார். பின்னேர மழை விட்டிருந்தது. கல்லறை எல்லாம் வெள்ளை அடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி எரிந்தது. நடுவில் பெரிய குருசு. வேறு ஊரில் செத்தவர்களுக்கு, கல்லறை இல்லாதவர்களுக்கு, அதன் அடியில் ஏற்றுவார்கள். போலந்துக்காரி அதைக் கண்டதும் எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றார். வாசல் கடையில் வாங்கிய மெழுகுதிரிப் பக்கற்றைப் பிரித்து, ஒன்றைக் கொளுத்தி, ஈரமண்ணில் ஊன்றி, என் கணவரின் பேரைச் சொன்னார். கோணல்மாணலாகச் சொன்னார், ஆனாலும் அந்தப் பேர்தான்.

"என்ன செய்கிறீர்கள்?"

"ஒரு வீட்டில் சாப்பிட்டவள் அந்த வீட்டின் செத்தவருக்கு ஏற்றவேண்டும். எங்கள் பக்கத்து முறை."

எனக்கு மேலெல்லாம் எரிந்தது. அத்தனை மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று சுட்டது. "அவர் சாகவில்லை," என்றேன். "அணையுங்கள்."

அவர் கையை நீட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். "குருசடியில் எரிவதை அணைக்கக்கூடாது. உங்கள் ஊரிலும் அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். சின்ன வயதில் ஊதி அணைத்து அடி வாங்கியிருக்கிறேன்.

"அப்படியென்றால் உங்கள் அப்பாவுக்கும் ஏற்றுங்கள். ஊரான் வீட்டு ஆணைச் சாகடிக்க மட்டும் கை வருகிறதோ?"

வேண்டுமென்றேதான் கேட்டேன். நோகட்டும் என்றுதான் கேட்டேன். அவர் பக்கற்றைப் பிடித்தபடி நின்றார். கை வரவில்லை. நரைத்த தலை, சேறு பட்ட சப்பாத்து, எத்தனையோ வருடத்து டெலிபோன் புத்தகங்கள். கப்பல் போகிற ஊரெல்லாம் ஒரு பக்கம் திறந்து, விரலால் தடவி, மூடி. அந்த முகத்தில் நான் என்னைத்தான் கண்டேன். எனக்குப் பயம் பிடித்தது. செத்த வீட்டுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

பக்கற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன். "அப்பாவின் பேர் என்ன?" என்றேன்.

சொன்னார். வாயில் நுழையாத பேர். என்னால் முடிந்தமட்டும் சொல்லி, மற்றதன் பக்கத்தில் ஏற்றி வைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தார். தன் பாஷையில் ஏதோ சொன்னார், என்னிடமல்ல.

அதற்குள் மாமி வந்துவிட்டார். நான் குருசடியில் குந்தியிருப்பதைக் கண்டதும் கூட வந்த பெண்களைப் பின்னால் நிற்க விட்டுவிட்டுத் தனியாக வந்தார்.

"ஆருக்குப் பிள்ளை இது?"

"இது இவவின்ர தேப்பனுக்கு, மாமி."

"மற்றது?"

"உங்கட மகனுக்கு."

மாமி இரண்டையும் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, வேலைக்காரி எசமானியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இனி நான் அழலாமே, பிள்ளை?"

"ஓம் மாமி," என்றேன். "அழுங்கோ."