கோயில் கிடாரத்தில் பார்லித் தண்ணீர்

என் அத்தான் சச்சிதானந்தனைப் போல ஒரு பயந்த துணிச்சல்காரனை நான் கண்டதில்லை. வார நாட்களில் கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயில் அன்னதானச் சாம்பார் அவருடையது. பதினேழு வருடமாக அந்த அகப்பையை வேறு யாரும் தொட்டதில்லை. என் அக்கா பேபி அதைத் தன் சக்களத்தி என்பாள்.

அத்தானுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். கோயில் தலைவர் அன்புராசாவுக்குத் தெரிந்தால் அகப்பை பறிபோய்விடும். அப்படியிருந்தும் போன தைப்பொங்கலுக்கு முன், தேய்த்துக் கழுவவென்று கொண்டுவந்த கோயில் கிடாரத்திலேயே, அந்தப் பெரிய சாம்பார் அண்டாவிலேயே, காய்ச்சினார்.

"புளிக்கவைக்கிற ஈஸ்ட் விழும்வரைக்கும் உது வெறும் பார்லித் தண்ணியடா," என்றார் என்னிடம். "ஈஸ்ட்டை வாளியிலதானே போடுறன். கிடாரத்துக்கு என்ன தோசம்?"

கொதித்த கிடாரத்தை மூடி, பின்வளவுப் பனிக்குள் புதைத்து ஆறவைத்தோம். பிறகு மேசையில் ஏற்றி, கீழே வாளி வைத்து, குழாய் வழியே இறக்கினோம். அடுப்பை ஒருநாளும் துடைக்காத மனிதர் அந்தக் குழாயை மூன்று தரம் கிருமிநாசினியில் கழுவினார். "அடி மண்டியைக் கிளப்பாதை!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். வாளி பாதி நிறையுமுன்னரே ஈஸ்ட்டையும் தூவிவிட்டார், அவசரக்குடுக்கை.

அழைப்பு மணி அடித்தது. கிடாரத்தைக் கேட்டு அன்புராசாவே வந்து நின்றார்.

"உது என்ன சச்சி?"

"பார்லித் தண்ணி அண்ணை. கால் வீக்கத்துக்கு."

அன்புராசா ஒரு தம்ளரை எடுத்து, குழாய் வாயிலேயே பிடித்துக் குடித்தார். "இனிக்குது. பேந்து கசக்குது."

"வேப்பம்பூ போட்டது," என்றாள் அக்கா. கூசாமல் பொய் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. போட்டது பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ். பூ என்ற அளவில் பொய்யில்லை.

"எனக்கும் கால் வீக்கம்தான்," என்ற அன்புராசா, கிடாரம் வெறுமையாகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு கிடாரத்தோடு வாளியையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கார்க் கதவை அத்தானே திறந்து பிடித்தார். வேண்டாம் என்றால், ஏன் என்றும் சொல்லவேண்டுமே.

அந்தக் கிழமை முழுவதும் அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வீட்டில் வாளி நுரை தள்ளும், மணக்கும், குட்டு வெளிப்படும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவமாகவும் இருந்தது.

எட்டாம் நாள் அன்புராசா போன் எடுத்தார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சச்சி, நுரை அடங்கீட்டுது. இப்பவே சீனி போட்டுப் போத்திலில அடைக்கட்டோ, இன்னும் நாலு நாள் விடட்டோ?"

பார்லித் தண்ணீரைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. பியர் காய்ச்சிக் கைதேர்ந்தவர்தான் கேட்பார். அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கதிரையில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"நாலு நாள் விடுங்கோ அண்ணை. பாதி என்ர."