அட்டையில் இல்லாத வரி

கர்ப்பிணி மனைவியை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்த்தீர்களே, உங்கள் இரத்தத்தை யார் சோதித்தார்கள்?

இதைக் கேட்டே இருபத்திரண்டு ஆண்டுகள் பகையைச் சம்பாதித்தவர் என் சித்தி. பால்வினை நோய்கள் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்று தடம் பிடித்துத் தடுப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் 'துப்பறியும் அக்கா'.

தையல் கடைப் பெண் ஒருத்தி. முதல் குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே இறந்தது, காரணம் சிபிலிஸ். ஊசி போட்டுக் குணமாக்கி அனுப்பினார்கள். அடுத்த கர்ப்பத்தில், நான்காம் மாதம், மறுபடியும் அதே நோய். மருத்துவர் அவளுடைய கர்ப்பகால அட்டையில் எழுதினார்: 'நோயாளியின் அலட்சியம்.'

சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று ஊசிகளையும் போட்டது அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ், கையெழுத்து இருக்கிறது. இதில் அவள் செய்த அலட்சியம் என்ன? அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். மனைவியின் எடை, உயரம், படிப்பு எல்லாம் இருந்தன. கணவனுக்குச் சோதனை நடந்ததா என்று கேட்க ஒரு வரி இல்லை.

கண்காணிப்பாளரிடம் போனார். ஆண்களைக் கூப்பிட்டால் குடும்பத்தில் குழப்பம் வரும் என்றார் அவர்.

"ரெண்டாவது கொழந்தையும் செத்தா வராதா, சார்?"

அந்தப் பெண்ணோ, பழி தன் தலையில்தான் விழும் என்று மறுத்தாள். பேசிப் பேசி அவள் சம்மதத்தைப் பெற்ற பிறகே கணவனை வரவழைத்தார் சித்தி. லாரிப் பட்டறை மெக்கானிக். தான் கல்லு மாதிரி இருப்பதாக அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"வண்டி ஓடுதேன்னு பிரேக்கைப் பாக்காம விடுவீங்களா, தம்பி? கையை நீட்டுங்க."

நீட்டினான். நோய் இருந்தது, வெளியே தெரியாமல். குணமான மனைவிக்கு மறுபடியும் தொற்றியது அவனிடமிருந்துதான்.

"அப்ப மொத கொழந்தை..." என்று இழுத்தவன், ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்டான்.

இருவருக்கும் சேர்த்து ஊசி போட்டார்கள். நிறைமாதத்தில் பெண் குழந்தை, வீலென்று அழுதுகொண்டு வந்தது. சித்தி அட்டையில் 'நோயாளியின்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள்' என்று எழுதி, அதற்கு ஒரு மெமோவும் வாங்கினார்.

கணவனுக்கான அந்த ஒற்றை வரியை அச்சில் ஏற்ற மேலும் ஆறு ஆண்டுகள். கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. 'பண்பாட்டுக்கு ஒவ்வாது' என்று ஒரு குறிப்பு வேறு. சிசுக்கள் சாவது மட்டும் ஒவ்வுகிறதாம்.

இன்று வரி இருக்கிறது, பெரும்பாலும் காலியாக. அடுத்த முறை பெஞ்சில் உட்காராதீர்கள். உள்ளே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டுங்கள். அந்த வரியை நிரப்பச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.