விடுபட்ட ஒரு பெயர்

முதலில் வந்தது இருமல். மெல்பேர்னில் ஒரு நகரசபையின் ஆவண அறையில், நூறு வருடத்துக்கு முந்திய சுகாதாரப் பரிசோதகரின் குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பழைய தாளின் தூசு என்று நினைத்தேன். வைத்தியரும் அப்படியே நினைத்தார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இருமலுக்குப் பாணி மருந்துதான். உடுப்பெல்லாம் தொளதொளத்த பிறகே சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய் (நுரையீரலைத் தாக்கி, காற்றில் பரவும் கிருமிநோய்). அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தக் குறிப்பேடுகள் முழுக்க இதே நோய். பரிசோதகர் வீடு வீடாகப் போய் யன்னல்களைத் திறக்கச் சொல்லியிருக்கிறார், கூட இருப்பவர்களின் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு நோயாளிப் பெண் கூட இருந்த தங்கையை மறைத்துவிட்டாள். மனிதர் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அலைந்திருக்கிறார். "விசர் மனிசி" என்று தட்டச்சு செய்தபடியே திட்டினேன்.

சுகாதாரத் துறைத் தாதி தொலைபேசியில் என்னிடமும் பெயர் கேட்டார் (தொடர்பறிதல்: நோயாளியுடன் ஒரே அறையில் நெடுநேரம் இருந்தவர்களைத் தேடிப் பரிசோதிப்பது). பதினொரு பெயர் சொன்னேன். டார்னெய்ட்டில் இருக்கும் தம்பி வீட்டைச் சொல்லவில்லை. அங்கே மூன்று மாதக் குழந்தை. பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழிந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவளைத் தூக்கி வைத்திருந்தவள் நான். தம்பி மனைவிக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

வீட்டில் தனித்திருந்தேன். குளிசை விழுங்கினேன், அந்த மருந்தால் சிறுநீர் தோடம்பழம் போலச் செம்மஞ்சளாகப் போனது. பொழுது போகாமல் வீட்டுக் கணினியில் குறிப்பேட்டின் படங்களைத் தொடர்ந்தேன். தாதி பெயர் கேட்ட ஒன்பதாம் நாள், சில பக்கங்கள் தள்ளி, அந்தத் தங்கைக்கும் நோய் கண்டது என்று ஒரு வரி. கணினியை மூடிவிட்டுத் தாதியை அழைத்தேன்.

அவர் திட்டவில்லை. கைக்குழந்தைகளுக்கு இது மூளைவரை போகலாம், அவர்களை உடனே பரிசோதனைக்கு வரச் சொல்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லமாட்டோம் என்றார்.

சொல்லத் தேவையே இருக்கவில்லை. அரை மணியில் தம்பி மனைவி அழைத்தார்; நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"எங்கட வீட்டை இருமிக்கொண்டு வந்தது நீங்கள் ஒராள்தான். ஏன் மச்சாள் உடன சொல்லேல்லை?"

"வெட்கமாக் கிடந்தது."

"பிள்ளையைவிட வெட்கமோ பெரிசு?"

தொலைபேசியை வைத்துவிட்டார்.

குழந்தைக்கு நோய் கண்டிருக்கவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் தடுப்பு மருந்து (ஒளிந்திருக்கும் கிருமி நோயாக மாறாமல் காப்பது). காலையில் அவள் துப்பத் துப்ப மச்சாள் மறுபடி பருக்குவாராம், தம்பி சொன்னான். இதைப் படிக்கும் உங்களுக்கு இந்த நோய் வந்தால், உங்களிடமும் பெயர் கேட்பார்கள். கேட்கிற அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

என்னிடமிருந்து தொற்றும் காலம் எப்போதோ முடிந்தது. ஆறு மாதக் குளிசையும் முடிந்தது. அந்த ஆறு மாதமும் எப்படிப் போனதென்று தெரியவில்லை. வாய் திறக்காத ஒன்பது நாள்தான் இன்னும் முடியவில்லை.

போன சனிக்கிழமை மச்சாள் வரச் சொன்னார். கதிரையில் இருத்தி, குழந்தையை என் மடியில் வைத்தார். அவள் எட்டி என் மூக்கைப் பிடித்தாள். அவள்மேல் படாமல் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மச்சாள் அதைக் கண்டுவிட்டார்.

"மூச்சை விடுங்கோ, மச்சாள்."