நின்றுபோன ரேடியோ

போன வாரம் ஈஜோக்கில் ஒரு கல்யாணம். என் சித்தி மகள் கமலா அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

இது ஒரு செய்தியா என்கிறீர்களா? ஐந்தாறு வருஷமாக நல்லது கெட்டது எதற்குமே வராதவள் அவள். கேட்டால், "பால்மரம் வெட்டவே நேரம் சரியா இருக்குக்கா" என்பாள். சொந்தக்காரர்கள் தலைக்கனம் என்றார்கள்.

தலைக்கனம் இல்லை... காயம். ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டும் பெண்கள், கொசுவுக்குப் பயந்து புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வது வழக்கம். விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, அந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அடித்தவனின் சட்டையே அடியை மறைத்தது. கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வர முடியுமா?

பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"இத்தனை வருஷம் ஏன்டி பொறுத்துக்கிட்டே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யார்கிட்டக்கா சொல்றது? எதுன்னாலும் மொதல்ல வேலை வாங்கற மண்டோர்கிட்டத்தான் போவணும். மண்டோர் யாரு? எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா! தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் எங்க வீட்டுக்காரரு பேர்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?" சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். "அதுகூடப் பரவால்லக்கா. அந்த ரேடியோதான்..."

ரேடியோவா?

லயம் என்றால் ஒரே வரிசை வீடுகள்; வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். கமலா வீட்டில் அடி விழ ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் ஏறும். அதற்கடுத்த வீட்டிலும் ஏறும். 'உன் கதை எங்களுக்கு வேண்டாம்' என்று லயமே சொல்வதாக இவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பார்வதியும் எங்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையிலெடுத்த சோற்றை இலையிலேயே போட்டார்.

"ஐயோ, அவ மானம் போவக் கூடாதுன்னுதான்லா சத்தமா வச்சோம்! எங்களுக்குக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளு எங்க மூஞ்சில எப்படி முழிப்பா?"

கூத்தைப் பார்த்தீர்களா? இவர்கள் மரியாதைக்கு வைத்த பாட்டு, அவளுக்குச் சாத்திய கதவாகிவிட்டது.

ஒரு சாயங்காலம், பாட்டையும் மீறிக் கமலாவின் மகள் அலறியது கேட்டிருக்கிறது. பார்வதி ரேடியோவை நிறுத்திவிட்டார். அடுத்த வீட்டிலும் நின்றது. அதற்கடுத்த வீட்டிலும்...

"லயமே கப்சிப்புன்னு ஆயிடுச்சிக்கா. ஓங்குன கை அப்படியே நின்னுடுச்சி. எல்லாரும் கேக்கறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சி... எனக்குந்தான்."

பார்வதி கதவைத் தட்டினார். "கமலா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

அவ்வளவுதான் சொன்னாராம். மறுநாள் இரண்டு பேரும் பெரட்டுக்குப் போகவில்லை. மண்டோரைக் கேட்கவும் இல்லை. பஸ் பிடித்து நேராகக் கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷன்!

இப்போது கமலாவுக்கு ரவாங்கில் ஃபேக்டரி வேலை. அவளும் மகளும் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். வீடியோக்காரர் பளீரென்று விளக்கைத் திருப்பியபோது, முகத்தைத் திருப்பாமல் பாயசத்தோடு சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

'ஏன் முன்பே சொல்லவில்லை' என்று இனி நான் எந்தப் பெண்ணையும் கேட்பதாக இல்லை. நீங்களும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் அடி விழுகிறதா? முதலில் உங்கள் ரேடியோவை நிறுத்துங்கள் — நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியட்டும்.