பின்வாங்குவதற்கு இரண்டு சொற்கள்

இங்கிலீஷில் பேக் அவுட் என்றால் கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவது. பேக் டவுன் என்றால் எதிராளியின் பலத்துக்கு முன்னால், கேட்டதை விட்டுவிட்டுப் பணிந்துபோவது. தமிழில் இரண்டையும் பின்வாங்குதல் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடலாம். உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் அப்படிக் கட்டவிட மாட்டார். "வாக்கு குடுத்தவன்னா அவுட், மல்லுக்கு நின்னவன்னா டவுன்" என்று மேஜையைத் தட்டுவார். அவர் அதை நடத்திய வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

எங்கள் சேரியில் எல்லாருக்கும் கழனி வேலைதான். கழனி எங்களுடையது அல்ல, ஆண்டையுடையது. கூலி நெல் அளப்பதற்கென்றே ஆண்டை வீட்டில் தனி மரக்கால் இருந்தது, ஊர் மரக்காலைவிடச் சின்னது. அந்த வருஷம் நடவு சமயத்தில், ஊர் மரக்காலால் அளந்தால்தான் கழனியில் இறங்குவோம் என்று சேரி ஆண்கள் முடிவெடுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவராக அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மீறினால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. முதலில் அணைத்தவர் அப்பா.

ஆண்டை வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பியதும் ஒவ்வொரு வீடாக நழுவியது. "மாமியார் வூட்ல சாவு" என்று சொல்லிவிட்டுப் போனவர் சாயங்காலம் முழங்கால் சேற்றோடு திரும்பினார். நல்ல சாவு! கடைசியில் அப்பா மட்டும் மிஞ்சினார்.

தம்பி பசியில் மயங்கி விழுந்த அன்று, அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"எங்கடி போற? நான் சத்தியம் பண்ணிகீறேன்."

"சத்தியம் பண்ணது நீ. நான் பண்ல. புள்ளைங்க பட்டினி கீது, நவுரு."

அப்பா நகர்ந்தார். அது அவுட்டா டவுனா என்று எந்த வாத்தியாரிடம் போய்க் கேட்பது?

அம்மா அதே சின்ன மரக்கால் நெல்லை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். குத்திக் கஞ்சி வைத்தோம். அப்பாவும் குடித்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. நானும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த அறுப்புக்கு முன்னாலேயே தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

பிற்பாடு நானும் இங்கிலீஷ் டீச்சராகி, இந்த இரண்டு சொற்களையும் நடத்தினேன். பட்டாளத்தை, பந்தயத்தை உதாரணம் காட்டி ஒப்பேற்றினேன்.

தம்பி போனதிலிருந்து, மாரியம்மன் கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போதெல்லாம் அம்மா பின்னால் நகர்ந்துவிடுவாள். ஒருமுறை அப்பா திரும்பிப் பார்த்து, "சத்தியம் பண்ணது நான்தானே, நீ இல்லியே. வந்து கும்புடு" என்றார்.

அம்மா வரவில்லை. தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது.