பட்டை உரித்த மரம்

போர்ட் பிளேரை அடுத்த வண்டூர் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டைக் கட்டியவர் ஒரு மலையாளி. அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் குடும்பத்தோடு கடல் கடந்து மெயின்லேண்டுக்குத் திரும்பியபோது, நிலத்தை உழுதுகொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமான எட்டாம் மாதம் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவள் நான். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடு. கொஞ்சம் தள்ளி, நெல்லும் வைக்கோலும் மாடும் ஒரே கூரைக்கடியில் இருக்கிற பெரிய கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு செத்த மரம் நின்றது.

குர்ஜன் மரம். காட்டைத் திருத்தியவர்கள், வெட்டி மாளாத பெரிய மரங்களை அடியில் சுற்றிலும் பட்டையை உரித்து விட்டிருந்தார்கள், நின்றபடியே சாகட்டும் என்று. வயல் முழுக்க அப்படிப் பத்துப் பன்னிரண்டு, இலையில்லாமல் வெளுத்து நின்றன. எங்களுடையதுதான் பெரியது. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

வந்த முதல் மாதமே ஒரு கிளை விழுந்தது. காற்றே இல்லாத காலை. மேலே படீரென்று ஒரு சத்தம். நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் சமையலறைத் தகரம் மடங்கிக் கிடந்தது. பக்கத்து நிலத்து வங்காளி அம்மா ஓடி வந்தார்.

"பேட்டி, யே பேட் மர் கயா. கர் மே மத் ஸோனா."

எனக்கு அப்போது இந்தி அரைகுறை. மரம் செத்துவிட்டது, வீட்டுக்குள் படுக்காதே என்பது மட்டும் புரிந்தது. கணவரிடம் சொன்னேன்.

"அது பாட்டுக்கு நிக்கிது. நீ ஏன் பயந்து சாகுற?" என்றார். ஆனாலும் காட்டிலாகா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வெட்ட யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிளைகள். எல்லாமே வீட்டுப் பக்கம். சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் என் காது அந்த மரத்து மேலேயே இருந்தது. ஒருநாள் அடிமரத்தைக் கல்லால் தட்டிப் பார்த்தேன். உள்ளே பொந்தாகிவிட்டது சத்தத்திலேயே தெரிந்தது.

மழை தொடங்கியதும் கணவருக்கு மலேரியா வந்தது. நடுங்கிக்கொண்டு கிடப்பவரை அந்தக் கூரைக்கடியில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"கொட்டகைக்குப் போயிருவோங்க. அந்தப் பக்கம் இதுவரைக்கும் ஒரு குச்சிகூட விழல."

"மாட்டோட படுக்கச் சொல்றியா?"

"கெஞ்சிக் கேக்குறேன்."

வாதாடத் தெம்பில்லை அவருக்கு. தோளைப் பிடித்தபடி வந்து, நெற்பெட்டிக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நடுப்பகல், மழை விட்டிருந்தது. நான் ஓடையில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தேன். நீளமாக ஒரு முனகல் கேட்டது. அப்புறம் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வீடு அப்படியே இருந்தது. கொடியில் காயப்போட்ட சேலைகூட நழுவவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் மரம் கிடந்தது.

வங்காளி அம்மாவின் வீட்டு ஆண்கள் கோடாலியோடு வந்து உத்திரங்களை வெட்டி விலக்கினார்கள். மாடு செத்திருந்தது. நெற்பெட்டி பாரத்தைத் தாங்கியிருந்தது. அதற்கும் கட்டிலுக்கும் இடையே இருந்த இடுக்கில் கணவர் உயிரோடு கிடந்தார். வலது கால் மட்டும் உத்திரத்துக்கு அடியில். லாரியில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனோம். காலை எடுக்கவில்லை. ஆனால் அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை.

மரத்தைப் பார்க்க வந்த காட்டிலாகா ஆள்தான் எனக்கு அதை விளக்கினார். வீட்டுப் பக்கத்துக் கிளைகள் விழ விழ, மரத்தின் பாரமெல்லாம் கொட்டகைப் பக்கம் போய்விட்டதாம். நான் பாதுகாப்பான இடம் என்று நினைத்தது அதனாலேயே ஆபத்தான இடமாகிவிட்டது.

"நீதான் என்னை அங்க கொண்டுபோய்ப் படுக்க வச்ச" என்று கணவர் என்றைக்காவது சொல்வார் என்று காத்திருந்தேன். கோபத்தில்கூடச் சொல்லவில்லை. காலைப் பற்றி யாராவது கேட்டால், "மரம் விழுந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த நேரத்தில் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

போர்ட் பிளேரில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டோம். அடுத்த வருஷம், விட்டுவிட்டு வந்த பாத்திரங்களை எடுக்க வண்டூருக்குப் போனேன். வீட்டில் புதிதாக ஒரு குடும்பம், தமிழர்கள்தான். வாசலில் நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் புதிதாகத் தோண்டியிருந்த கிணற்றருகே இன்னொரு செத்த குர்ஜன் நின்றது. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப நாங்க எந்தப் பக்கம் படுக்கிறது அக்கா?" என்றாள்.