பச்சைக் குழாய்

காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மகள். எட்டு வயது. நான் நம்பவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு, என் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வளைவுகளில் வாந்தி எடுத்தாள். கண்டதையும் தின்றுவிட்டு ஏறுகிறாய் என்று ஏசினேன். எங்களோடு தங்கி வேலைக்குப் போகும் என் தம்பிதான் பின் சீட்டில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொள்வான். "பிள்ளைய ஏசாதீங்க அக்கா, வெறும் வயித்துக்கும் அப்படித்தான் வரும்" என்பான். இப்படி ஒரு மாமன் யாருக்குக் கிடைப்பான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

டாங்கியை நிரப்பிய ஒரு நாள் எனக்கே தலை சுற்றியது. அப்போதுதான் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே கார் திருத்தும் பாஸ் பின் டயருக்கு மேலே கைவிட்டு, குழாய்களில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி, டாங்கிக்குள் மெதுவாகக் காற்று விட்டார். ஓரிடத்தில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

"மிஸ், டாங்கில இருந்து ஆவி போற பைப் இது. யாரோ நடுவுல வெட்டி, வேற பைப்ப வச்சுக் கட்டியிருக்காங்க. உள்ளுக்கு மெல்லிய பைப்ப விட்டு பெட்ரோல் எடுக்கத்தான் வெட்டியிருப்பாங்க. இந்தக் கார்ல மூடி வழியா எடுக்க ஏலாது."

அவர் கழற்றித் தந்த துண்டு பச்சை நிறம். விறைத்து, வெடித்திருந்தது. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவன் தம்பிதான். ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுவது இதே மாதிரிப் பச்சைக் குழாயால்தான்.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்து நாடே வரிசையில் நின்ற நாட்களில் எங்களுக்காக இரண்டு நாள் காரிலேயே கிடந்தவன் அவன். அந்தப் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தபோது, எனக்குச் சிக்கனமாக ஓட்டத் தெரியவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். அதன் பிறகுதான் பிள்ளைக்கு வாந்தி தொடங்கியது.

அன்று மாலை துண்டை மேசையில் வைத்தேன். பார்த்ததும் தம்பி கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பைக்குக்கு ரெண்டு போத்தல்தான் அக்கா எடுத்தேன். பொறகு சரி பண்ணிரலாம்னு இருந்தேன்."

பெட்ரோல் போனால் போகட்டும். கார் கிளம்பியதும், பிள்ளை வாய் திறக்கும் முன்பே, அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுபவன் அவன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், பாவி. அன்றே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

புதுக் குழாய் போட்ட பிறகு வாடை இல்லை. அடுத்த முறை அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, மகள் காரில் ஏற மாட்டேன் என்று நின்றாள்.

"மாமா வரலியா? எனக்கு வாந்தி வந்தா யாரும்மா தலையப் புடிக்கிறது?"